சாப்பிட மறுக்கும் நோயுற்ற பூனையைப் பராமரித்தல்: முழுமையான வழிகாட்டி

நோயில் விழுந்த பூனை ஒருநாள் முழுவதும் எதையும் தின்னவில்லை என்றால், அதை நோயின் பல அறிகுறிகளுள் ஒன்றாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. பட்டினியே பூனைக்கு இரண்டாவது நோயாக மாறும். உணவு வராதபோது பூனையின் உடல் சேமித்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவு கொழுப்பைக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லாததால், கொழுப்பு அதன் செல்களிலேயே தேங்கிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்கிறது. இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கக்கூடும். பருமனான பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கல்லீரல் கெட்ட பூனைக்குக் குமட்டல் கூடும், குமட்டலால் உணவை மேலும் வெறுக்கும், அந்தப் பட்டினி கல்லீரலை மேலும் கெடுக்கும். ஆகவே அடிப்படை நோய் எதுவென்று கண்டறியும் வரை காத்திருக்காமல், உணவு உள்ளே போவதற்கான வழியையும் அதே வேளையில் தேட வேண்டும்.

முதல் படி: எவ்வளவு அவசரம் என்பதை முடிவு செய்தல்

வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவும் உண்ணாவிட்டால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வழக்கமான அளவில் கால்பங்கு மட்டும் தின்பதும் பட்டினிக் கணக்கில்தான் சேரும். நக்கிப் பார்த்துவிட்டு நகர்வதை "கொஞ்சம் சாப்பிட்டது" என்று எண்ணி ஆறுதல் கொள்வதால்தான் பல வீடுகளில் நாட்கள் வீணாகின்றன. பால்குடிக் குட்டிகளுக்குச் சில மணி நேரப் பட்டினியே சர்க்கரை அளவைக் குறைத்து உயிரைப் பறிக்கும் என்பதால் அவற்றுக்கு இந்த 24 மணி நேரக் கணக்குப் பொருந்தாது.

சில நிலைகளில் தொலைபேசியில் யோசனை கேட்டு நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறுகள் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருப்பது, ஓயாத வாந்தி, வலிப்பு, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி ஆகியவை அத்தகையவை. பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து குளிர்ந்து போனால் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். மலச்சிக்கல் என்று நினைத்து மறுநாள் வரை விட்டால் உயிர் போய்விடும். கண்ணின் வெண்படலமும் காதின் உட்புறமும் ஈறுகளும் மஞ்சளாகத் தெரிவது, முன்சொன்ன கல்லீரல் பாதிப்பு முற்றிவிட்டதைக் காட்டக்கூடும். லில்லி மலரின் இதழையோ மகரந்தத்தையோ பூனை நக்கியிருந்தால், அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் அவசரம்தான். ஓரிரு நாட்களில் அதன் சிறுநீரகங்கள் அழிந்துவிடும்.

நாக்கின் அடியில் நூல் சுற்றியிருப்பதைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. மறுமுனை குடலுக்குள் இருக்குமானால், இழுக்கும் நூல் குடலைக் கத்திபோல் அறுத்துவிடும்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய விவரங்கள்

பூனையால் சொல்ல முடியாததை எல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருப்பதால், புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எதை, எவ்வளவு தின்றது. தண்ணீர் குடிக்கிறதா, வழக்கத்தைவிட அதிகமாகவா. சிறுநீரும் மலமும் கடைசியாக எப்போது போயிற்று. வாந்தியில் உணவு இருந்ததா, நுரையா, பித்தமா. அண்மையில் கொடுத்த மருந்துகள் எவை. தடுப்பூசி எப்போது போடப்பட்டது. வீட்டுக்குப் புதிதாக விலங்கோ செடியோ வந்ததா என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பயன் தருவது பூனை உணவின் அருகே எப்படி நடந்துகொள்கிறது என்ற விவரம். தட்டை நோக்கி ஓடி வந்து, ஒரு கவ்வு எடுத்து, தலையை உதறிக் கத்திவிட்டு விலகினால் வாய்வலியை ஐயுறலாம்: பல் சிதைவு, ஈறு அழற்சி, பூனைகளுக்குச் சளிநோய் தரும் காலிசிவைரஸ் உண்டாக்கும் நாக்குப் புண் போன்றவை. முகர்ந்ததும் உதட்டை நக்கி, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தட்டைச் சுற்றிப் பிறாண்டினால் அது பெரும்பாலும் குமட்டல். மூக்கு அடைத்திருக்கும் பூனை உணவை அடையாளமே காணாமல் இருக்கும். மணம் எட்டாத பண்டத்தைப் பூனைகள் அநேகமாக உணவாகக் கருதுவதில்லை. எதிலும் நாட்டமின்றி ஒடுங்கிக் கிடக்கும் பூனைக்குக் காய்ச்சல், கணைய அழற்சி, சிறுநீரக நோய், நிணநீர்ப் புற்றுநோய் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். நடத்தையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுவது நல்லது. மருத்துவமனை மேசைமேல் பயந்து உறைந்திருக்கும் பூனை இவற்றில் எதையும் செய்து காட்டாது.

வலியை முகத்திலிருந்து அளக்க ஒரு முறை உண்டு. மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முகபாவ அளவுகோலில் காதுகளின் நிலை, கண்களின் இடுக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தோளை ஒப்பிடத் தலை இருக்கும் உயரம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடுகிறார்கள். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி நிவாரணம் தேவைப்படலாம் என்று கொள்ளப்படுகிறது.

ஆனால் அந்த மருந்தை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையிடம் போதிய அளவு இல்லை. மனிதர் விழுங்கும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவையும் பூனைக்கு நஞ்சாகக்கூடியவை.

மூன்றாம் படி: மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டியவை

இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எனக் காரணத்தைத் தேடும் பணி ஒருபுறம் நடக்கட்டும். அதனுடன் மூன்று கேள்விகளை நீங்களே எழுப்புங்கள்: குமட்டலுக்கு மருந்து கொடுக்கப்படுகிறதா, வலிக்கு மருந்து கொடுக்கப்படுகிறதா, நீர்ச்சத்துக் குறைவு சரிசெய்யப்பட்டுவிட்டதா? இந்த மூன்றும் கவனிக்கப்படாத பூனையின் முன்னால் எத்தனை வகை உணவை வைத்தாலும் பயனில்லை.

குமட்டலுக்கு மாரோபிட்டன்ட், ஆன்டான்செட்ரான் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. பசியைத் தூண்ட மிர்ட்டாஸபின் மாத்திரையாகவும், காதின் உட்புறத் தோலில் தடவும் களிம்பாகவும் தரப்படுகிறது. களிம்பைக் கையுறை அணிந்தே தடவ வேண்டும். சிறுநீரக நோயுள்ள பூனைக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மருந்து ஏறியதும் சில பூனைகள் அமைதியின்றிக் கத்தித் திரியும். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம். கேப்ரோமோரலின் என்ற வாய்வழி மருந்தும் உண்டு. பசி மருந்து ஒரு பாலம் மட்டுமே. கொடுத்த ஓரிரு நாளில் போதிய அளவு தின்னவில்லை என்றால் அதையே நம்பிக் காத்திருக்கலாகாது.

பழைய தகவல்களை வைத்துக்கொண்டு நம்பிக்கை இழந்துவிடவும் வேண்டாம். எஃப்.ஐ.பி. எனப்படும், பூனைகளின் கொரோனா வைரஸால் வரும் நோய் நெடுங்காலம் உறுதியான மரணமாகவே கருதப்பட்டது. ஜிஎஸ்-441524 என்ற மருந்தைப் பற்றிய ஆய்வு முடிவுகள் 2019-இல் வெளிவந்த பின் அந்நிலை மாறி, இன்று சிகிச்சை பெறும் பூனைகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. கல்லீரலில் கொழுப்புத் தேங்கிய பூனைகளிலும், போதிய உணவூட்டம் விரைவில் கிடைத்தவற்றுள் பல முழுமையாக மீண்டுவிடுகின்றன.

நான்காம் படி: பூனை தானாக உண்ண வாய்ப்பளித்தல்

அமைதியான ஓர் அறையில், மற்ற விலங்குகளும் குழந்தைகளும் குறுக்கிடாத இடத்தில் படுக்கை, தண்ணீர், உணவு, மணல் தட்டு ஆகியவற்றை நடந்து களைக்காத தொலைவில் வையுங்கள். உணவையும் மணல் தட்டையும் மட்டும் ஒன்றையொன்று ஒட்டி வைக்காதீர்கள். ஈர உணவை உடல் வெப்பத்துக்கு, அதாவது சுமார் 37 அல்லது 38 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் மணம் எழும். மீசை இடிக்காத அகன்ற தட்டில் ஒரு தேக்கரண்டி மட்டும் வைத்து, 15 அல்லது 20 நிமிடத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் உணவுக்கு முன் ஈரத்துணியால் மூக்கைத் துடைத்து, நீராவி நிறைந்த குளியலறையில் பூனையோடு சற்று நேரம் அமர்ந்திருக்கலாம்.

இந்த நாட்களில் மருத்துவ உணவுதான் தர வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. சிறுநீரக நோய்க்கான உணவைத் தொடாத பூனை தன் பழைய உணவைத் தின்னுமானால், மருத்துவரின் ஒப்புதலோடு அதையே கொடுங்கள். நோய்க்கேற்ற உணவுக்கு மாற்றுவதை உடல் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். குமட்டலின்போது ஓர் உணவைத் திணித்தால் பூனை அந்த உணவையே நோயோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு குணமான பிறகும் வெறுக்கும் என்பதால், பின்னாளில் தேவைப்படும் உணவை இப்போது வற்புறுத்தாமல் இருப்பதே நல்லது.

வேகவைத்த கோழியிறைச்சி, மீன், வெங்காயமும் பூண்டும் சேராத இறைச்சிக் கூழ் ஆகியவற்றை ருசிகாட்டப் பயன்படுத்தலாம். வெங்காயமும் பூண்டும் தூள் வடிவிலும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாலும் மாவுச்சத்து மிகுந்த கஞ்சியும் பூனையை மீட்கும் உணவுகள் அல்ல. பூனை இறைச்சியால் வாழும் உடலமைப்புடையது. அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் உணவில் இல்லாமற்போனால் அதன் இரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடும்.

தட்டைத் தூக்கிக்கொண்டு பூனையின் பின்னாலேயே அலைவதை நிறுத்துங்கள். நாளெல்லாம் முகத்துக்கு நேரே உணவு நீட்டப்பட்டால், குமட்டலோடு கிடக்கும் பூனைக்கு உங்கள் வருகையே அச்சமூட்டுவதாகிவிடும்.

ஐந்தாம் படி: தேவையைக் கணக்கிட்டு மெதுவாக ஏற்றுதல்

ஓய்வில் இருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக வேண்டிய ஆற்றல், 3 கிலோ எடைக்கு 160 கிலோகலோரி (கீழே சுருக்கமாகக் கலோரி), 4 கிலோவுக்கு 200, 5 கிலோவுக்கு 235. பூனையின் இப்போதைய எடையை வைத்தே கணக்கிட வேண்டும். உணவு உறையில் உள்ள கலோரி விவரத்தைப் பார்த்து, எத்தனை கிராம் அல்லது மி.லி. தேவை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதை ஒவ்வொரு வேளையும் குறித்துவந்தால், "இன்று பரவாயில்லை" என்று தோன்றும் நாளில் உண்மையில் 40 கலோரிதான் போயிருக்கிறது என்பது தெரியவரும்.

பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு முழு அளவையும் முதல் நாளே கொடுத்துவிடக் கூடாது. திடீரென்று உணவு வந்ததும் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் இவை குறைந்தால் தசைத் தளர்ச்சி, இரத்தச் சிவப்பணுச் சிதைவு, இதயத் துடிப்புக் கோளாறு வரை நேரலாம். ஆகவே முதல் நாள் தேவையின் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அடுத்த நாள் மூன்றில் இரண்டு பங்கு வரை, பின்னர் முழு அளவு என்று ஏற்றுவது வழக்கம். மிகவும் நலிந்த பூனைக்கு இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். இந்நாட்களில் இரத்த உப்புகளைச் சோதித்துப் பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

ஆறாம் படி: சிரிஞ்ச் வழியாக ஊட்டுவதும் அதன் எல்லையும்

மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே இதில் இறங்க வேண்டும். மூச்சுத் திணறல் உள்ள, வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும், அரைமயக்கத்தில் கிடக்கும், விழுங்க இயலாத பூனைக்குச் சிரிஞ்சால் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும்.

பூனையைத் துண்டில் தளர்வாகச் சுற்றி, உங்களுக்கு முதுகு காட்டியபடி மார்போடு அணைத்து அமர்த்திக்கொள்ளுங்கள். தலை இயல்பான மட்டத்தில் இருக்க வேண்டும். மேல்நோக்கி அண்ணாத்தினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். கோரைப்பல்லுக்குப் பின்னே உள்ள இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து நுனியை நுழைத்து, அரை முதல் 1 மி.லி. வரை மட்டும் கன்னத்துக்குள் விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். உணவு வெதுவெதுப்பாகவும் கட்டியின்றியும் இருக்கட்டும். இருமினாலோ, மூக்கில் உணவு வந்தாலோ, எச்சில் வடிந்தாலோ உடனே நிறுத்துங்கள். நீண்ட பட்டினிக்குப் பின் 4 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 20 மி.லி. அளவில் தொடங்கி, தாங்கினால் 40 மி.லி. வரை ஏற்றலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மி.லி.க்கு 1 கலோரி உள்ள கூழில் 200 கலோரி கொடுக்க வேண்டுமானால், நாளொன்றுக்குக் குறைந்தது 200 தடவை அந்தப் பூனையின் வாய்க்குள் உணவைச் செலுத்த வேண்டும். ஓரிரு நாளைக் கடத்தச் சிரிஞ்ச் உதவும். வாரக்கணக்கில் அதையே செய்வது பூனைக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள நம்பிக்கையைக் குலைத்துவிடும், அப்போதும் கலோரிக் கணக்குப் பெரும்பாலும் நிறைவேறாது.

ஏழாம் படி: உணவூட்டும் குழாய்

குழாய் என்றதும் பலர் அதைச் சாகும் தறுவாயில் செய்வது என்று எண்ணி மறுத்துவிடுகிறார்கள். குழாய் தாமதமாக வைக்கப்பட்ட பூனைகளே அந்த எண்ணத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று நாளுக்கு மேல் போதிய உணவு இறங்காத பூனைக்கு இதைத் தொடக்கத்திலேயே பரிசீலிக்க வேண்டும்.

மூக்கு வழியே செலுத்தும் மெல்லிய குழாய்க்கு முழு மயக்கம் தேவையில்லை; ஆனால் அதில் திரவ உணவு மட்டுமே போகும், சில நாட்களுக்கே ஏற்றது. கழுத்தின் பக்கவாட்டிலிருந்து உணவுக்குழலுக்குள் வைக்கும் குழாய்க்குச் சற்று நேர மயக்கம் தேவைப்பட்டாலும், அது வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில் இருக்கலாம். அரைத்துக் கரைத்த சாதாரண ஈர உணவும் பெரும்பாலான மருந்துகளும் அதன் வழியே போகும். வீட்டில் பராமரிக்க எனக்குத் தெரிந்தவரை இதுவே மிக இணக்கமானது. குழாய் இருக்கும்போதும் பூனையால் வாயால் தின்ன முடியும்.

ஒவ்வொரு வேளையும் முதலில் 5 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயில் செலுத்திப் பாருங்கள். இருமல் வந்தால் உணவைத் தொடராதீர்கள். குழாய் இடம் மாறியிருக்கலாம். பிறகு உணவை 15 முதல் 20 நிமிடம் வரை எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டாலோ உணவு குளிர்ந்திருந்தாலோ வாந்தி வரும். உதட்டை நக்கத் தொடங்கினால் சற்று நிறுத்தித் தொடருங்கள். முடிவில் 5 முதல் 10 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி மூடிவிடுங்கள். உள்ளே தங்கும் உணவு காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சால் மெல்லத் தள்ளியும் இழுத்தும் பார்க்கலாம், கம்பி எதையும் நுழைக்கக் கூடாது. மாத்திரைகளை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, உணவோடு கலக்காமல் தனியே செலுத்த வேண்டும். எவற்றைப் பொடிக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்துக் கட்டை நாள்தோறும் அவிழ்த்துத் துளையைப் பாருங்கள். சிறிது கசிவு இயல்பு; சீழ், வீக்கம், துர்நாற்றம் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தியோடு குழாயின் நுனி வாய்வழியே வெளிவந்தால் அதன் வழியே எதையும் கொடுக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பூனை தன் தேவை முழுவதையும் தானே தின்று, ஒரு வாரமளவு எடை குறையாமல் இருந்தால் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம். துளை தையலின்றித் தானே மூடிக்கொள்ளும்.

எட்டாம் படி: அன்றாடக் கவனிப்பு

பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 50 மி.லி. நீர் தேவை, உணவில் உள்ள ஈரமும் இக்கணக்கில் சேரும். ஈறு பிசுபிசுப்பாக இருப்பதும், தோளின்மேல் தோலைத் தூக்கிவிட்டால் மெதுவாகவே படிவதும் நீர் குறைந்ததைக் காட்டும். தோலுக்கடியில் திரவம் ஏற்ற மருத்துவர் கற்றுக்கொடுத்திருந்தால் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள், இதய நோயுள்ள பூனைக்கு மிகுதியான திரவம் நுரையீரலைச் சுற்றித் தேங்கிவிடும்.

எடையைத் தினமும் ஒரே நேரத்தில், கிராம் காட்டும் தராசில் பாருங்கள். நோய்க்கு முந்தைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது கடுமையான இழப்பு. உறங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உடல் வெப்பம் 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. நலிந்த பூனையின் வெப்பம் 37.5-க்குக் கீழே இறங்குவது காய்ச்சலைவிடவும் கவலைக்குரியது. குளிர்ந்த உடலில் குடல் சரியாக இயங்காது என்பதால் உடலைச் சூடேற்றிய பிறகே உணவு தர வேண்டும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, பூனை விலகிக்கொள்ள இடம்விட்டு வையுங்கள்.

மாத்திரையை வாயில் போட்ட பின் 5 மி.லி. தண்ணீரோ சிறிது உணவோ கொடுங்கள். டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற மாத்திரைகள் உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கி, பிறகு குழலையே சுருங்கச் செய்துவிடும். தன்னை நக்கிச் சுத்தம் செய்ய முடியாத பூனையின் முகத்தையும் வாலடியையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, முடி சிக்காமல் சீவிவிட்டால் அது ஓரளவு தெம்பாக உணர்வதைக் காணலாம்.

ஒன்பதாம் படி: மீட்க இயலாதபோது

குமட்டலும் வலியும் முறையாகக் கவனிக்கப்பட்டு, உணவு ஏதோ ஒரு வழியில் உள்ளே சென்றும் பூனை நாளுக்கு நாள் நலிந்தால், சிகிச்சையை எதற்காகத் தொடர்கிறோம் என்று மருத்துவரோடு வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆலிஸ் வில்லலோபாஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த அளவுகோல் இதற்கு உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்னும் ஏழு அம்சங்களையும் 0 முதல் 10 வரை (10 மிக நல்ல நிலை) மதிப்பிட்டு, மொத்தம் 35-ஐத் தாண்டினால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது என்று அது கொள்கிறது. வீட்டிலுள்ள இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடுவது நல்லது. மிக நெருங்கிப் பராமரிப்பவர் சரிவைக் கவனிக்கத் தவறுவது உண்டு. இந்நிலையில் பூனையைச் சும்மா விட்டால் பட்டினியால் அமைதியாக அடங்கிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. அந்த நாட்களில் குமட்டலும் தளர்ச்சியும் அதை வாட்டும்.

கருணைக்கொலை முடிவானால், முதலில் அமைதிப்படுத்தும் ஊசி போடும்படி கேளுங்கள். அதன்பின் மிகுந்த அளவில் மயக்க மருந்து செலுத்தப்படும். நினைவு முதலில் போய், மூச்சும் இதயமும் சில நிமிடங்களில் நிற்கும். கண்கள் திறந்தே இருப்பதும், பிறகு ஓரிரு முறை தசை துடிப்பதும், சிறுநீர் கசிவதும் இயல்பு என்பதை உடனிருக்கும் குடும்பத்தாருக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

பூனை தொற்றுநோயால் இறந்திருந்தால் அதன் தட்டுகளையும் துணிகளையும் மற்றப் பூனைகளுக்குக் கொடுக்காதீர்கள். குடலையும் இரத்த வெள்ளையணுக்களையும் தாக்கும் பான்லூக்கோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. சாதாரணக் கிருமிநாசினிகள் பல அதை அழிப்பதில்லை. கழுவி அழுக்கு நீக்கிய பரப்பில், ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச்சுடன் 32 பங்கு தண்ணீர் சேர்த்த கலவையைப் பூசி 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.